ஆம்னி வேனில் மாவு புளிக்காமல் போய்ச் சேர: பதினான்கு மாத வேலைக் குறிப்பு

2025 மே 15, வியாழக்கிழமை. மதியம் 2.20-க்குக் கரூர் தாந்தோணிமலையிலிருந்து கிளம்பினேன். வண்டியில் ஒரு கிலோ இட்லி மாவு பாக்கெட் 180. வேலாயுதம்பாளையம், நொய்யல், க.பரமத்தி என்று சுற்றி, 37-ஆவது கடையில் கடைசி கிரேட்டை இறக்கும்போது மணி 6.05. சோதனைக்கென்று வைத்திருந்த பாக்கெட்டுக்குள் செருகிய தெர்மாமீட்டர் 14 டிகிரி காட்டியது. கிளம்பும்போது 6 டிகிரி. கடைக்கார அக்கா ஒரு பாக்கெட்டைக் கையில் வாங்கி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். குழி விழுந்தது, மேலெழும்பாமல் அப்படியே நின்றது. "இன்னிக்கு நல்லா இருக்குதுங்க" என்றார்.

போன வருஷம் இதே கடையில், இதே நேரத்தில், பாக்கெட் தலையணை மாதிரி உப்பி இருக்கும். அழுத்தினால் விரல் துள்ளி வெளியே வரும். உள்ளே 28 டிகிரி. தினமும் 25, 30 பாக்கெட் திரும்பி வரும். கடைக்கு 40 ரூபாய் என்று கணக்குப் போட்டாலே நாளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் குப்பைக்குப் போனது. என் மனைவி ராத்திரி பன்னிரண்டு மணி வரை கிரைண்டர் பக்கத்தில் நின்று ஆட்டிய மாவு அது.

இதைச் சரி செய்யப் பதினான்கு மாதம் ஆனது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், தப்பாகச் செய்ததையும் சேர்த்து. சிறிய வேனில் பூ, பால், காய், மாவு என்று ஏதாவது ஏற்றி வெயிலில் ஓடுகிறவர்களுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

வண்டி 2014 மாடல் மாருதி ஆம்னி கார்கோ. 2021-ல் 1,40,000 ரூபாய்க்கு செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். 796 சிசி, மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். அது முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். இழுப்பது பின் சக்கரம். 2019-லேயே இந்த வண்டியின் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனாலும் 1984-லிருந்து ரோட்டில் ஓடிய வண்டி என்பதால் எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கை வைப்பார், பாகமும் கிடைக்கும். சந்துக்குள் திரும்புகிறது. கிரேட்டை இடுப்பு உயரத்துக்குக்கூடத் தூக்க வேண்டாம், தள்ளினால் உள்ளே போய்விடும். எனக்கு இந்த வண்டியை விட மனசில்லை. பெரிய வண்டிக்கும் குளிர் வண்டிக்கும் காசும் இல்லை.

முதல் தப்பு: கூரை

2024 மார்ச்சில் ஆரம்பித்தேன். வெயில் மேலேயிருந்து அடிக்கிறது, அதனால் கூரையை மறைத்தால் போதும் என்று முடிவு கட்டினேன். எதையும் அளந்து பார்க்கவில்லை. அலுமினிய ஃபாயில் ஒட்டிய 6 மி.மீ. ஃபோம் ரோல் வாங்கி, ரப்பர் பசை தடவி, கூரையின் உள்பக்கம் முழுக்க ஒட்டினேன். பசையோடு சேர்த்து 3,400 ரூபாய்.

கொரோனா சமயத்தில் வாங்கிய நெற்றி தெர்மாமீட்டர் வீட்டில் கிடந்தது. அதைக் கூரை நோக்கிப் பிடித்தால் எண்ணே வரவில்லை. அது காய்ச்சலுக்கென்று செய்த கருவி, 43 டிகிரிக்கு மேல் காட்டாது. சரி என்று பட்டறைக்காரர்கள் வைத்திருக்கும் துப்பாக்கி மாதிரியான இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை 1,250 ரூபாய்க்கு வாங்கினேன். ஃபாயில் மேல் அடித்தால் 31 டிகிரி. எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். ஆனால் கையை வைத்தால் சுடுகிறது! இரண்டு நாள் குழம்பினேன். அப்புறம்தான் தெரிந்தது: பளபளக்கும் உலோகத்தில் இந்தக் கருவி சரியான அளவைக் காட்டாது. தன் சொந்தச் சூட்டைவிட, கண்ணாடி மாதிரி எதிரில் இருப்பதன் சூட்டைத்தான் அந்த உலோகம் திருப்பிக் கொடுக்கும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு விரல் நீளம் ஒட்டி, ஐந்து நிமிஷம் விட்டு, டேப் மேல் அளந்தால் 46. அன்றிலிருந்து வண்டியில் எங்கே அளந்தாலும் முதலில் கறுப்பு டேப்தான்.

கடைசிக் கடையில் பாக்கெட் 28-லிருந்து 25-க்கு வந்தது. மூன்று டிகிரிக்கு 3,400 ரூபாய். அதுவும் நிலைக்கவில்லை. மே மாதச் சூட்டில் பசை இளகி, ஃபோம் நடுவில் தொட்டில் மாதிரித் தொங்க ஆரம்பித்தது. தகரத்தை நான் சுத்தம் செய்யாமல், பழைய எண்ணெய்ப் பிசுக்கின் மேலேயே ஒட்டியிருந்தேன். அக்டோபர் மழையில் இன்னொன்றும் நடந்தது. தொங்கிய ஃபோமுக்கும் கூரைக்கும் நடுவில் ஈரம் வேர்த்து, கிரேட் மேல் சொட்டியது. ஒரு நாள் மதியம் மொத்தத்தையும் கையால் கிழித்துப் போட்டேன்.

"கீழ கைய வெச்சுப் பாருங்க"

கரூரில் இருப்பதில் ஒரு வசதி, இது பஸ் பாடி கட்டும் ஊர். தகரம், பிளைவுட், ரிவெட், கதவோர ரப்பர் பீடிங், தரை விரிப்பு எதுவானாலும் அந்தப் பட்டறைகளைச் சுற்றியுள்ள கடைகளில் கிடைக்கும். நாற்பது வருஷமாக பஸ் பாடி வேலை செய்த ஒரு மேஸ்திரி அண்ணன் எனக்குப் பழக்கம். கிழித்த ஃபோமோடு அவரிடம் போய் நின்றேன். அவர் கூரையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்தீங்க தம்பி?"

"முப்பது கிலோமீட்டருங்கண்ணா."

"அப்படின்னா கீழ கைய வெச்சுப் பாருங்க. மேட்டை எடுத்துட்டு வைங்க."

ரப்பர் மேட்டைத் தூக்கி, தரைத் தகரத்தில் உள்ளங்கையை வைத்தேன். ஒரு நொடிகூட வைக்க முடியவில்லை. டேப் ஒட்டி அளந்தால், சைலன்சர் பைப் போகும் தடத்துக்கு மேலே 61 டிகிரி. அதே நேரத்தில் கூரை 53. கூரைச் சூடாவது காற்றில் பரவி மெதுவாக இறங்குகிறது. தரைச் சூட்டின் மேலோ கிரேட் நேராக உட்கார்ந்திருக்கிறது. நான் மூன்று வருஷமாக மாவைத் தோசைக்கல்லின் மேல் வைத்து ஊர் சுற்றியிருக்கிறேன்.

முன்பக்கம் இன்ஜின் உள்ள பஸ்ஸில் டிரைவர் பக்கத்துப் பானெட்டுக்கு ஏன் அவ்வளவு தடிமனாக உறை போடுகிறார்கள் என்று மேஸ்திரி விளக்கினார். போடாவிட்டால் டிரைவர் கால் வெந்துவிடும். ஆம்னியில் இன்ஜின் உங்கள் சீட்டுக்கு அடியில், சைலன்சர் உங்கள் சரக்குக்கு அடியில் என்றார். அவர் இரண்டு நிமிஷத்தில் சொன்னதைக் கேட்காமல் எட்டு மாதம் ஓட்டியிருந்தேன்.

அதன் பிறகு ஒயர் வைத்த ஃபிரிட்ஜ் தெர்மாமீட்டர் நான்கு வாங்கினேன், ஒன்று 220 ரூபாய். தரையில் ஒன்று, பக்கச் சுவரில் ஒன்று, இன்ஜின் மூடி ஓரத்தில் ஒன்று, பாக்கெட்டுக்குள் ஒன்று. பத்து நாள் ஒரு நோட்டில் எழுதினேன். இந்த 880 ரூபாயை முதல் நாளே செலவு செய்திருக்க வேண்டும்.

மேட்டுக்கு அடியில் இருந்தது

2024 நவம்பர் கடைசியில் நான்கு நாள் கடை லீவு சொல்லிவிட்டுத் தரையைப் பிரித்தேன். ரப்பர் மேட்டை முழுக்கச் சுருட்டியபோது வந்த வாடையை மறக்க முடியாது. கிழிந்த பாக்கெட்டிலிருந்து வழிந்த மாவு, ஐஸ் பாட்டில் தண்ணீர் எல்லாம் மூன்று வருஷமாக மேட்டுக்கு அடியில் போய்ப் புளித்துக் கிடந்திருக்கிறது. புளித்த மாவு அமிலம், தகரத்துக்கு எமன். பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி இருந்தது. ஒரு கொப்புளத்தை ஸ்குரூ டிரைவரால் தட்டினேன். அப்பளம் மாதிரி நொறுங்கியது. அடுத்த தட்டில் ஸ்குரூ டிரைவர் கைப்பிடி வரை உள்ளே போனது. எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தால் ஓட்டை வழியாக வாசல் ஜல்லிக்கல் தெரிந்தது. பின் சக்கர வளைவுக்கு முன்னால் உள்ளங்கை அகலத்தில் ஒன்று, ஸ்லைடிங் கதவுப் பக்கம் நான்கைந்து சின்ன ஓட்டைகள்.

இதில் என் கைவேலையும் இருக்கிறது. தரையில் தண்ணீர் வடிவதற்கென்று ரப்பர் அடைப்பான் போட்ட துளைகள் உண்டு. 2022 மழையில் ஒன்றின் வழியாகத் தண்ணீர் மேலே வந்தது என்று நினைத்து, எல்லாவற்றையும் எம்-சீல் வைத்து அடைத்திருந்தேன். உள்ளே விழுந்த ஈரம் வெளியே போக வழி இல்லாமல் போனது அன்றிலிருந்துதான்.

சூட்டைவிட என்னைப் பயமுறுத்தியது வேறு. அந்த ஓட்டைக்கு நேர் கீழே சைலன்சர் ஜாயின்ட். பேக்கிங் தேய்ந்து புகை கக்கிக்கொண்டிருந்தது. பைப்பைச் சுற்றி கரி படிந்திருந்தது. அந்தப் புகைதான் ஓட்டை வழியாக வண்டிக்குள் வந்துகொண்டிருந்தது. சாயங்காலம் தலைவலி வந்தால் வெயில் என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். பழைய வேன் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து ஒருமுறை மேட்டைத் தூக்கிப் பாருங்கள்.

டிங்கரிங் வேலையை நான் தொடவில்லை. தெரிந்த பட்டறையில் கொடுத்தேன். அவர் முதலில் பேட்டரி டெர்மினலைக் கழற்றினார், அப்புறம் பெட்ரோல் டேங்கையே இறக்கித் தள்ளி வைத்தார். "டேங்கோட வெல்டிங் வெக்க மாட்டனுங்க" என்று அவர் சொன்னபோது எனக்கு ஒரு நாள் கூடுதலாகப் போகிறதே என்று இருந்தது. தரையில் பொறி விழுந்து ஈரச் சாக்கில் சுருக் சுருக்கென்று அணைவதைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. துருப்பிடித்த பகுதியை நல்ல தகரம் வரும் வரை வெட்டி எடுத்து, துத்தநாகம் பூசிய 20 கேஜ் ஜி.பி. ஷீட்டை ஓரத்தில் ஒன்றரை செ.மீ. ஏறும்படி வைத்து, சி.ஓ.2 வெல்டிங்கில் புள்ளி புள்ளியாகப் பிடித்தார். ஒரே மூச்சில் ஓட்டினால் மெல்லிய தகரம் வளைந்துவிடும். அதனால் இங்கே ஒரு புள்ளி, எதிர் மூலையில் ஒரு புள்ளி. தகரம் 1,200, கூலி 5,500.

மீதி என் வேலை. கட்டிங் மெஷினில் கம்பி கப் பிரஷ் மாட்டி மொத்தத் தரையையும் தேய்த்தேன். இரண்டு பிரஷ் காலி. கண்ணாடி போட்டுக்கொண்டுதான் செய்தேன். கம்பி ஒன்று தெறித்துச் சட்டையில் குத்தி நின்றது. துரு நீக்கி, துத்தநாகப் பிரைமர் இரண்டு கோட், மேலே எனாமல், அடிப்பக்கம் அண்டர்கோட்டிங். எல்லாம் சேர்த்து 2,350. வடிகால் துளை இரண்டைத் திறந்து, அரை அங்குல ரப்பர் குழாய் சொருகிக் கீழே விட்டேன். சைலன்சர் பேக்கிங்கும் கிளாம்பும் மாற்ற 450.

சூட்டை வழியிலேயே நிறுத்துவது

மேஸ்திரி அண்ணன் சொன்ன இரண்டாவது விஷயம் ஹீட் ஷீல்டு. சைலன்சர் பைப்புக்கும் தரைக்கும் நடுவில் 1 மி.மீ. அலுமினியத் தகடு, 35 செ.மீ. அகலம், பைப் போகும் நீளத்துக்கு. தகடு தரையைத் தொடக்கூடாது, நடுவில் காற்று ஓட வேண்டும். 15 மி.மீ. உயரத்துக்கு அறுத்த பைப் துண்டுகளை இடையில் கொடுத்து போல்ட் போட்டேன். துளை போடும் முன் பிரேக் லைன், பெட்ரோல் லைன் எங்கே போகிறது என்று சாக்பீஸால் மேலே கோடு போட்டுக்கொண்டேன். முதல் நாள் ஓட்டியபோது வண்டிக்கு அடியில் சலங்கை கட்டிய மாதிரி சத்தம். சாதாரண நட் ஆட்டத்தில் தளர்ந்திருந்தது. நைலான் வைத்த லாக் நட் போட்டதும் அடங்கியது. தகடும் போல்ட்டும் சேர்த்து 1,150.

அன்று மதியமே அதே முப்பது கிலோமீட்டர் ஓட்டி அளந்தேன். 61 இருந்த இடத்தில் 44. வெறும் ஒரு தகடும் ஒன்றரை செ.மீ. காற்றும். மொத்த வேலையில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைத்தான் செய்வேன்.

இன்ஜின் மூடி அடுத்தது. முன் சீட்டைத் தூக்கினால் வரும் மூடியின் ஓர ரப்பர் பாதிக்கு மேல் கிழிந்திருந்தது. அந்த இடைவெளியில் சூடான காற்று அடித்துக்கொண்டிருந்தது. புது ரப்பர் 380 ரூபாய். ரேடியேட்டரையும் அப்போதே பார்த்தோம். மூடியைத் திறந்தால் டீ நிறத்தில் தண்ணீர். வருஷக்கணக்காக போர் தண்ணீர் ஊற்றி, உள்ளே உப்பு படிந்து அடைத்திருந்தது. ராடு விட்டுச் சுத்தம் செய்து, ஹோஸ் மாற்றி, டிஸ்டில்டு வாட்டரில் கூலன்ட் கலந்து ஊற்ற 2,150. டெம்பரேச்சர் முள் பாதிக்கு மேல் ஏறுவது அதோடு நின்றது.

தரை, சுவர், கூரை

தரைக்கு 25 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். நுரை ஷீட். தெர்மாகோலைவிடக் கெட்டி, மேலே நின்றாலும் அமுங்காது, தண்ணீரும் குடிக்காது. இங்கே ஒரு பெரிய தப்பிலிருந்து தப்பினேன். ஒட்டும் முன் மூலைத்துண்டு ஒன்றில் ரப்பர் பசையைத் தடவிப் பார்த்தேன். கண் முன்னாலேயே பசை பட்ட இடம் குழிந்து, நுரைத்து, ஓட்டையாகிவிட்டது. அந்தப் பசையில் உள்ள கரைப்பான் இந்த நுரையைத் தின்றுவிடும். அதனால் பசையே இல்லாமல், இறுக்கமாக அறுத்துப் பொருத்தி, இணைப்பில் ஃபாயில் டேப் மட்டும் ஒட்டினேன். அதன் மேல் 12 மி.மீ. மரைன் பிளைவுட். அறுத்த ஓரம், ஸ்குரூ துளை எல்லாவற்றிலும் வார்னிஷ் இரண்டு கோட். அதற்கு மேல் பஸ் தரைக்கு ஒட்டும் வழுக்காத வினைல் விரிப்பு. பட்டறையில் மிச்சத் துண்டாக 800 ரூபாய்க்குக் கிடைத்தது. விரிப்பின் ஓரத்தைச் சுவரில் நான்கு விரல் உயரத்துக்கு ஏற்றி விட்டேன். இனி மாவு வழிந்தால் மேலேயே நிற்கும், துடைத்து எடுக்கலாம்.

சுவருக்கும் கூரைக்கும் 19 மி.மீ. நைட்ரைல் ரப்பர் ஷீட், ஏ.சி. டக்ட்டுக்கு மேல் சுற்றும் கறுப்பு ரப்பர். இந்த முறை ஒட்டுவதை அவசரப்படவில்லை. தின்னரால் மூன்று தடவை துடைத்து, உப்புத்தாள் தேய்த்து, தகரத்திலும் ரப்பரிலும் பசை தடவி, விரல் முதுகால் தொட்டால் ஒட்டாமல் பிசுக்கென்று இழுக்கும் பதம் வரும் வரை காத்திருந்தேன். டிசம்பர் வெயிலில் அதற்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆனது. பிறகு சப்பாத்திக் கட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டினேன். ஆறு மாதம் ஆகிறது. ஒரு மூலைகூடக் கிளம்பவில்லை. தகரத்தோடு ஒட்டிக் கிடப்பதால் நடுவில் வேர்க்க இடமும் இல்லை. இதற்கு 6,900.

ரப்பரை மறைக்க ஏ.சி.பி. ஷீட் மூன்று, இரண்டு மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு நடுவில் பிளாஸ்டிக் வைத்த பலகை. டிரைவருக்குப் பின்னால் இருந்த கம்பி வலையை எடுத்துவிட்டு, நடுவில் எக்ஸ்.பி.எஸ். வைத்த இரண்டு பக்க ஏ.சி.பி. தட்டி ஒன்றும் செய்தேன். மூன்று ஷீட்டும் துண்டு மிச்சமில்லாமல் போயின.

இங்கேதான் அளவில் சறுக்கினேன். வேலை தொடங்கும் முன் உள் அகலம் என் டேப்பில் 122 செ.மீ. என் கிரேட் நீளம் 60. குறுக்கே இரண்டு வைத்தால் 120, கச்சிதமாக உட்காரும். இரண்டு பக்கமும் ரப்பரும் ஷீட்டும் ஏறியபின் அகலம் 117. கடைசி ரிவெட்டை அடித்துவிட்டு, ஆசையாகக் கிரேட்டைத் தூக்கி வைத்தால் உள்ளே போகவில்லை. மூன்று செ.மீ. பற்றவில்லை. இப்போது ஒன்றை நெடுக்காகவும் ஒன்றைக் குறுக்காகவும் வைக்கிறேன். அடுக்குக்கு ஒரு கிரேட் குறைகிறது. ஓரத்தில் விழும் சந்தில் ஐஸ் பாட்டில்களை நிறுத்துகிறேன். சுவருக்கு 13 மி.மீ. ரப்பர் போதும் என்று மேஸ்திரி முன்பே சொன்னார். தடிமன் கூடக் கூட நல்லது என்று நான்தான் கேட்கவில்லை.

ரிவெட்டும் எஃப்.சி.யும்

ஷீட்டை முதலில் பாப் ரிவெட் அடித்து நிறுத்தினேன். பார்க்க அழகாக, பஸ் மாதிரியே இருந்தது. 2025 பிப்ரவரியில் எஃப்.சி., அதாவது வண்டியின் தகுதிச் சான்றுச் சோதனை, வந்தது. எட்டு வருஷத்தைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. பார்க்க வேண்டும். முதல் நாள் ராத்திரி விளக்கெல்லாம் போட்டுப் பார்த்தால் இடது பின் விளக்கு எரியவில்லை. பல்பு நன்றாக இருக்கிறது. ஒயர் போவது சுவரின் அடியோரமாக, நான் அழகாக ரிவெட் அடித்து மூடிய ஷீட்டுக்குப் பின்னால்! பதினாறு ரிவெட்டையும் ஒவ்வொன்றாக டிரில் போட்டு எடுத்து, ரப்பரைக் கீறிப் பார்த்தால், என் ரிவெட் ஒன்று ஒயரை அமுக்கியிருந்தது. ஷார்ட் ஆகித் தீப்பிடிக்காமல் போனதே என்று உட்கார்ந்துவிட்டேன். ராத்திரி ஒன்றரை மணிக்கு ஒயரைப் புது உறைக்குள் விட்டு, தனியாகக் கிளிப் போட்டு வெளியே கொண்டுவந்தேன். இப்போது ஓரத்து ஷீட்டுகள் எல்லாம் வாஷர் வைத்த ஸ்குரூவில்தான் நிற்கின்றன. பத்து நிமிஷத்தில் கழற்றலாம்.

எஃப்.சி. சிக்கலில்லாமல் முடிந்தது. வண்டியின் வெளி அளவு, கூரை, கதவு எதையும் நான் தொடவில்லை. பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. கூரையை உயர்த்தலாம், மேலே காற்றாடி வைக்கலாம் என்றெல்லாம் யோசனை சொன்னவர்கள் உண்டு. அந்தப் பக்கமே போகவில்லை.

ஒவ்வொரு கட்டத்திலும் கடைசிக் கடையில் பாக்கெட்டின் சூடு என்ன என்று நோட்டில் இருக்கிறது. ஒன்றும் செய்யாதபோது 28. கூரை ஃபோம் மட்டும் இருந்தபோது 25. ஃபோமைக் கிழித்து, ஹீட் ஷீல்டும் இன்ஜின் மூடி ரப்பரும் போட்டபின் 22. தரை முடிந்ததும் 18. சுவர், கூரை, தட்டி எல்லாம் முடிந்து இந்த மே மாத வெயிலில் 14. 22, 18 இரண்டும் குளிர்காலத்தில் எடுத்தவை என்பதால் அவற்றைக் கொஞ்சம் கூட்டித்தான் படிக்க வேண்டும். கடைசி எண் சுத்தமான கோடை எண்.

எடை மேடையில் முதலில் 790 கிலோ இருந்த வண்டி இப்போது 850. அறுபது பாக்கெட் எப்போதும் ஏறியே இருக்கிற மாதிரி. மைலேஜ் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் ஸ்லைடிங் கதவு கனத்துவிட்டதால் கீழ் ரோலர் மூன்றே மாதத்தில் தேய்ந்தது. மாற்ற 420 ரூபாய். கதவுக்கு மட்டும் ஷீட் இல்லாமல், ரப்பர் மேல் வினைல் ஒட்டி விட்டிருந்தால் போதும். அடுத்த தடவை கழற்றும்போது அப்படித்தான் செய்யப் போகிறேன்.

மொத்தச் செலவு 38,730 ரூபாய். இதில் தண்டமாகப் போனது முதல் கூரை ஃபோம் 3,400. திரும்பி வரும் பாக்கெட் இப்போது நாளுக்கு இரண்டு, மூன்று. திரும்ப இந்த வேலையை எடுத்தால் வரிசையை மாற்றுவேன்: தெர்மாமீட்டர், சைலன்சர் பேக்கிங், ஹீட் ஷீல்டு, தரை, அப்புறம்தான் கூரை. கிரேட்டை வண்டிக்குள் வைத்துக்கொண்டே சுவருக்கு அளவெடுப்பேன். ஷீட் மூடும் முன் ஒயர் போகும் தடத்தை போனில் படம் பிடித்து வைப்பேன்.

இன்னும் ஒரு இடம் பாக்கி. ராத்திரி வண்டிக்குள் உட்கார்ந்து எல்லாக் கதவையும் சாத்திவிட்டு, வெளியே மனைவியை டார்ச் அடிக்கச் சொன்னேன். பின் கதவின் வலது கீழ் மூலையில் நூல் மாதிரி ஒரு வெளிச்சக் கோடு தெரிகிறது. அங்கே பீடிங் தட்டையாகிவிட்டது. நாலரை மீட்டர் புது பீடிங்குக்குச் சொல்லியிருக்கிறேன், சனிக்கிழமை வரும். ஞாயிறு மதியம் கடைகளுக்குப் போகும் லைன் கிடையாது, அன்றைக்குப் போட்டுவிடுவேன்.